குடிபூரல் அழைப்பும் குடும்ப இமோஜியும்

அன்புள்ள பிள்ளைக்கு,

தம்பியின் புதுவீட்டுக் குடிபூரலுக்கு நீ எழுதின அழைப்பு வடிவாய் இருக்கு. வாட்ஸ்அப்பில் அப்படியே விடு. பட்டன் ஃபோன் வைத்திருக்கிற பெரியாக்களுக்கு எஸ்எம்எஸ்ஸில் போவதில் மட்டும் விளக்கு, கைகூப்பு, குடும்பம் மூன்று இமோஜியையும் எடுத்துவிடு. அவைக்கு அழைப்பு பெட்டி பெட்டியாய்ப் போகக்கூடாது.

இமோஜியைப் படம் என்று எண்ணாதே, அது எழுத்து. ஜப்பான் மொழியில் ‘எ’ படம், ‘மொஜி’ எழுத்து. ‘இமோஷ’னோடு ஒலி ஒத்தது தற்செயல். 1999இல் ஜப்பானின் டோகோமோ ஃபோன் கம்பனிக்காக ஷிகேடகா குரிடா 176 இமோஜி வடிவமைத்தார். ஒவ்வொன்றும் 12க்கு 12 புள்ளி. அந்த 144 புள்ளிக்குள்தான் வெயிலும் குடையும் இதயமும். ஃபோனுக்கு ஒவ்வொரு இமோஜியும் ஒரு இலக்கம். கம்பனிக்குக் கம்பனி அந்த இலக்கம் வேறு என்பதால் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போனால் குழம்பும். 2010இல், எல்லா மொழி எழுத்துக்கும் இலக்கம் வைக்கிற யூனிகோட், இமோஜிக்கும் பொது இலக்கம் கொடுத்தபிறகுதான் உலகமெல்லாம் பரவியது. நீ அனுப்புவது இலக்கம் மட்டும். போய்ச் சேருகிற ஃபோன்தான் படத்தைக் கீறும். உன் விளக்கு 2019இல் சேர்ந்தது. அதை அறியாத ஃபோன் வெறும் பெட்டி காட்டும்.

இனிக் கணக்கு. ஆங்கில எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இடம், தமிழுக்கு 70. தாண்டினால் 67, 67 ஆகத் துண்டுபடும். துண்டுக்குத் துண்டு காசு. அரவும் (துணைக்கால்) குற்றும் (புள்ளி) தனித்தனி இடம் பிடிக்கும்: ‘யாழ்ப்பாணம்’ நமக்கு 6 எழுத்து, ஃபோனுக்கு 11. குடும்ப இமோஜியும் அதே 11தான். அப்பா, அம்மா, மகள், மகன் ஆளுக்கு 2, இடையில் கண்ணுக்குத் தெரியாத ஒட்டெழுத்து 3. அந்த ஒட்டு விளங்காத ஃபோனில் நாலு பேரும் பிரிந்து தனித்தனியாய் நிற்பினம்.

கைகூப்பு 2 இடம். தோல் நிறம் தெரிவுசெய்தால் 4. நமக்கு அது வணக்கம், ஜப்பானில் நன்றியும் தயவுசெய்தும், வேறு சிலருக்குச் செபம்.

பந்தல்காரர் விலை அனுப்பினால் பெருவிரல் இமோஜியைப் போட்டுவிடாதே, பிள்ளை. நீ இருக்கிற கனடாவில், சஸ்கட்சுவானில், ஆளிவிதை ஒப்பந்தத்துக்குப் பெருவிரல் அனுப்பின விவசாயிக்கு அது கையெழுத்துத்தான் என்று 2023இல் நீதிமன்றம் தீர்த்தது. 82,000 டொலருக்கு மேல் கட்டச் சொன்னது. ‘விலை கிடைத்தது, யோசித்துச் சொல்லுகிறேன்’ என்று எழுது.

எஸ்எம்எஸ் இப்படிப் போகட்டும்: ‘எங்கள் மகனின் குடிபூரல் வெள்ளி காலை 9 மணி. கட்டாயம் வாங்கோ.’ இடைவெளியும் சேர்த்து 59. மிச்சம் 11. ஊர்ப்பெயர் ‘நல்லூர்’ போட, முன்னால் ஒரு இடைவெளியோடு 8 போதும்.

அன்புடன்,
அப்பா