ஷிப்ட் மேற்பார்வையாளர்களுக்குச் சான்றிதழும் தொடர்பயிற்சியும் கோரி நான்காவது மனு

அனுப்புநர்
இரவு ஷிப்ட் மேற்பார்வையாளர்கள்,
அவசர அழைப்பு மையம்.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
அவசர உதவிச் சேவைகள் துறை.

பொருள்: மேற்பார்வையாளர்களுக்குத் தொழில்முறைச் சான்றிதழும் ஆண்டுதோறும் தொடர்பயிற்சியும் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் முந்தைய மூன்று மனுக்கள் (ஒப்புகைச் சீட்டுகளின் நகல் இணைக்கப்பட்டுள்ளது).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் மையம் தங்களுக்குப் புதிதன்று. ஆய்வுக்கு வந்தபோது சுவர்த் திரையின் முன் நின்று, மேற்பார்வையாளர் மேசையைக் காட்டி, "இங்கே இருப்பவர்தான் முக்கியம்" என்று தாங்களே சொன்னீர்கள். அந்த மேசையில் இருப்பவர்களின் மனு இது. முதல் மனுவுக்குப் பதில் இல்லை. நினைவூட்டலுக்கும் இல்லை. மூன்றாவது மனு "பரிசீலனையில் உள்ளது" என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். ஆகவே மீண்டும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

1. அழைப்பை எடுப்பவருக்குப் பயிற்சி உண்டு, தேர்வு உண்டு, சான்றிதழும் உண்டு. அவசர அழைப்புப் பணிக்கான பன்னாட்டு அகாடமி வழங்கும் மருத்துவ அழைப்புச் சான்றிதழ் 2 ஆண்டுகளில் காலாவதியாகும். அதற்குள் 24 மணி நேரத் தொடர்கல்வியை முடித்து, மறுதேர்வும் எழுதினால்தான் புதுப்பிப்பார்கள். எங்களில் பெரும்பாலோர் அந்தச் சான்றிதழோடுதான் வேலைக்கு வந்தோம். பதவி உயர்வு வந்த நாளோடு அது நின்றுபோயிற்று. மேற்பார்வையாளருக்கு அவசியமில்லையாம். இளையவர்களுக்கு அவசியமானது, அவர்கள் திகைத்தால் கூப்பிடும் மூத்தவருக்கு எப்படி அவசியமில்லாமல் போகும்?

2. மையத்தை நடத்துவது தனி வேலை. எந்த நேரத்தில் எத்தனை பேர் இருக்கையில் இருக்க வேண்டும் என்று கணக்கிட வேண்டும். பதிவான அழைப்புகளைக் கேட்டு மதிப்பிட வேண்டும். இணைப்பு அறுந்தால் அழைப்புகளை மாற்று மையத்துக்குத் திருப்ப வேண்டும். குழந்தை இறந்த அழைப்பை எடுத்தவரை, அடுத்த மணி அடிப்பதற்குள் எழுப்பி வெளியே அனுப்ப வேண்டும். அமெரிக்காவில் தேசிய அவசர எண் சங்கம் இத்தகைய பொறுப்பில் இருப்பவர்களுக்காக இஎன்பி (அவசர எண் வல்லுநர்) என்ற தேர்வையே நடத்துகிறது. அந்தச் சான்றிதழை 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். அழைப்புகளில் 90 விழுக்காட்டை 15 விநாடிக்குள் எடுக்க வேண்டும் என்பது அதே சங்கத்தின் தரநிலை. எங்களிடமும் மாதந்தோறும் வேகக் கணக்குக் கேட்கிறார்கள். அந்த வேகத்தை எட்ட ஆட்களை எப்படி நிறுத்துவது என்று ஒருவரும் ஒருநாளும் சொல்லித்தந்ததில்லை.

3. பயிற்சியில்லாததால் நேர்ந்த ஒரு தவறை முந்தைய மூன்று மனுக்களிலும் இரண்டு வரியில் எழுதி முடித்திருந்தோம். இம்முறை "எழுதினோம்" என்று சொல்லித் தப்ப விரும்பவில்லை. அது, எங்கள் சார்பில் இதை எழுதும் என் ஷிப்ட்.

அதிகாலை நேரம். புதிதாகச் சேர்ந்த பெண் கையைத் தூக்கினார். கை தூக்கினால் மேற்பார்வையாளர் ஓட வேண்டும். ஓடிப்போய் என் ஹெட்போனை அவர் மேசையில் செருகிக் கேட்டேன். மறுமுனையில் ஒரு மகன்; அப்பா விழுந்துவிட்டார், பேச்சில்லை என்றார். மூச்சு இருக்கிறதா என்று இவர் கேட்க, "இருக்கிறது, குறட்டை மாதிரி விட்டுவிட்டு வருகிறது" என்றார் அவர். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். "மூச்சு இருக்கிறதே, ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொல்லுங்கள்" என்றேன்.

அது மூச்சே அன்று, ஐயா. இதயம் நின்றபின் பலருக்குச் சில நிமிடங்கள் வரும் திணறல். நினைவு இல்லை, மூச்சும் இயல்பாக இல்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்தச் சொல்ல வேண்டும். அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு குறைக்கிறது. பின்னர் பதிவைக் கேட்ட மருத்துவர் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரியும். அவருடைய வழிகாட்டி அட்டையில் சரியான பக்கம் திறந்திருந்தது. அதன்மேல் விரலை வைத்திருந்தார். மூத்தவர் சொல்கிறாரே என்று விரலை எடுத்துவிட்டார்.

ஆம்புலன்ஸ் போய்ச் சேரும்வரை அந்த மகன் தந்தையை நான் சொன்னபடியே பிடித்துக்கொண்டிருந்தார். "சரியாகத்தானே பிடித்திருக்கிறேன்?" என்று இரண்டு முறை கேட்கிறார். பதிவில் இருக்கிறது. தாங்கள் ஒருமுறை கேட்க வேண்டும். தந்தை பிழைக்கவில்லை.

4. நிதி இல்லை என்றார்கள். அதே ஆண்டில் சுவர்த் திரை புதிதாக வந்தது. ஆள் குறைவு, பயிற்சிக்கு விட முடியாது என்றார்கள். ஆண்டுக்கு 12 மணி நேரம், ஐயா! மாதம் ஒரு மணி நேரம். ஷிப்ட் முடிந்து உட்காரவும் தயார், அதற்கு ஊதியமும் கேட்கவில்லை. இன்னும் எத்தனை மனு எழுத வேண்டும்?

5. மேற்பார்வையாளர்களுக்குச் சான்றிதழைக் கட்டாயமாக்குங்கள். ஆண்டுதோறும் பயிற்சி கொடுங்கள். தேர்வில் தவறினால் எங்களை அந்த மேசையிலிருந்து இறக்குங்கள், வருந்தமாட்டோம்.

சொற்களில் கடுமை இருந்தால் பொறுத்தருள வேண்டும். எங்கள் கோரிக்கையை ஏற்று விரைந்து ஆவன செய்யுமாறு மீண்டும் பணிவுடன் வேண்டுகிறோம். அதற்குக் காலம் பிடிக்குமானால், சான்றிதழ் காலாவதியான மேற்பார்வையாளர் எவரும் வழிகாட்டி அட்டைக்கு மாறாகச் சொல்லக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கையாவது இந்த வாரமே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரவு ஷிப்ட் மேற்பார்வையாளர்கள்.