பத்து ஆம்பூலும் பிரிட்ஜில் ஒரு தட்டும்: மருந்து ஒதுக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். அட்ராகுரியம் கேட்டு டெல்டாவின் வட்ட மருத்துவமனைகளிலிருந்து அனுப்பிய இண்டென்ட், அதாவது மருந்துக் கோரிக்கைப் பட்டியல், திரும்பி வந்துவிட்டது. "வெக்குரோனியம் போதிய இருப்பு உள்ளது, மாற்றாகப் பயன்படுத்தவும்" என்று ஒரே வரி. கோப்பு முடிந்தது உங்களுக்கு.

இரண்டும் அறுவை சிகிச்சைக்கு மயக்கும்போது தசையைத் தளர்த்தும் மருந்துகள்தாம். கல்லீரல் நன்றாக இருப்பவருக்கு எதைப் போட்டாலும் சமாளித்துவிடலாம். நாங்கள் கேட்பது, கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து, தொப்புள் குடலிறக்கம் இறுகிப்போய் நள்ளிரவில் வந்து சேருகிறவருக்காக. தட்டணுக்கள் குறைவு, ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் ஐ.என்.ஆர். அதிகம், அதனால் மரத்துப்போக முதுகில் ஊசி போட முடியாது. குடல் அழுகுவதற்குள் திறந்தாக வேண்டும் என்றால் தசையைத் தளர்த்தி, மூச்சுக்குழாயில் டியூப் போட்டு மயக்குவது ஒன்றே வழி.

வெக்குரோனியம் அவர் உடம்பில் என்ன செய்யும் என்பது நீங்கள் அறியாததல்ல. உடம்பில் தேங்கிய நீரில் மருந்து பரவிவிடுவதால் முதல் டோஸ் பற்றாததுபோல் தெரியும். இன்னும் கொஞ்சம் போடுவார்கள். அதைப் பித்தத்தோடு வெளியேற்ற வேண்டியதோ அதே கெட்டுப்போன கல்லீரல். தையல் போட்டு முடித்த பிறகும் மூச்சுத் தசை திரும்பாது. தளர்ச்சியை முறிக்கும் நியோஸ்டிக்மினைக் கிலோவுக்கு 0.05 மி.கி. கொடுத்தாலும் ஆழ்ந்த தளர்ச்சி மீளாது. மீட்கக்கூடிய சுகமாடெக்ஸ் சப்ளையில் இல்லை. அவர் அசையாமல் கிடப்பது மருந்தாலா, கல்லீரல் கெட்டதால் வந்த மயக்கத்தாலா என்று பிரித்துச் சொல்ல நரம்புத் தூண்டல் கருவி வேண்டும். அதுவும் இல்லை. வென்டிலேட்டர் இல்லாத ஊரில், கையால் மூச்சு ஊட்டும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டியதுதான். வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் ஏறத்தாழ 100 கி.மீ.

அட்ராகுரியத்துக்குக் கல்லீரலின் தயவு தேவையில்லை. உடம்புச் சூட்டிலும் ரத்தத்தின் காரத்தன்மையிலும் தானாகவே சிதைந்துவிடும். கிலோவுக்கு 0.5 மி.கி. கணக்கில் 60 கிலோ ஆளுக்கு 30 மி.கி.; 25 மி.கி. ஆம்பூல் இரண்டு உடைத்தால் ஆயிற்று. ரத்த அழுத்தம் சரியாமலிருக்க மெதுவாகப் போட வேண்டும், நோயாளியைக் குளிரவிடக் கூடாது. அவ்வளவே.

கிடங்கில் சொல்லும் காரணம் குளிர்ச்சி. உண்மைதான், வெக்குரோனியம் பொடி, அலமாரியிலேயே கிடக்கும். அட்ராகுரியத்தை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். வெளியே எடுத்தால் 25 டிகிரியில் 14 நாள்தான் கணக்கு. சித்திரையில் இங்கே 25 டிகிரியை எங்கே தேடுவது? தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். பெட்டியில் வேறு மருந்து வைக்கக் கூடாது என்ற விதியும் நியாயமானதே. ஆனால் பிரசவ வார்டில் ஆக்சிடோசினுக்கென்று பிரிட்ஜ் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது! அதில் ஒரு தட்டு போதும். அந்த பிளக்கை ஜெனரேட்டர் லைனில் சேர்த்துக் கொடுங்கள். கஜா புயல் வந்த 2018 நவம்பரில் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது ஊரறிந்தது.

இல்லாததைச் சொன்னால் இருப்பதையும் சொல்ல வேண்டும். டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசி பெட்டி பெட்டியாக வருகிறது. இந்த நோயாளிகளின் சிறுநீரகத்தைக் கெடுக்க அதுவே போதும். "கல்லீரலுக்கு ஆகாது" என்று பயந்து வார்டில் ஒதுக்கிவைக்கும் பாராசிட்டமால்தான், நாளுக்கு 2 கிராமுக்குள் நின்றால், அவர்களுக்குப் பாதுகாப்பான வலிமருந்து. கல்லீரல் கெட்டதால் வரும் மயக்கத்தைத் தடுக்க, நாளுக்கு இரண்டு மூன்று முறை மலம் இளகலாகப் போகிற அளவுக்குக் கொடுக்க வேண்டிய லாக்டுலோஸ், மாதக் கடைசியில் பாட்டிலோடு தீர்ந்துவிடும். அரசு மதுக்கடையில் மட்டும் சரக்கு தீர்ந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. கல்லீரலைக் கெடுக்கிற சப்ளையை நடத்தத் தெரிந்த அரசுக்கு, கெட்ட கல்லீரலுக்கான சப்ளை மட்டும் ஏன் இத்தனை சிரமமோ!

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பழைய கோரிக்கையேதான்: ஒவ்வொரு தியேட்டருக்கும் குறையாத இருப்பாக 10 ஆம்பூல் அட்ராகுரியம், அதை வைக்க ஒரு தட்டு. வீணாகிவிடும் என்ற கவலை வேண்டாம். காலாவதி நெருங்குவதை இரண்டு மாதம் முன்னதாகவே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றிவிடலாம், அங்கே தினமும் செலவாகும் மருந்துதான். திருப்பி அனுப்பிய இண்டென்ட்டை அன்புகூர்ந்து மறுபடி எடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
காவிரி டெல்டா வட்ட மருத்துவமனைகளில் மயக்க மருந்துப் பணி செய்வோர்