சிவப்பு மையால் அடித்துத் தந்தவருக்கு

கருத்துக்கேட்பு முடிந்துவிட்டது. விமான நிலையத்தின் புதிய ஓடுபாதை வருமா வராதா என்பது இனிமேல்தான். ஆனால் நாங்கள் வைத்த இரைச்சல் கணக்கை ஒருவராலும் தட்டிக்கழிக்க முடியவில்லை. இந்த மடல் அதற்காக.

மொட்டைமாடியைத் திறந்துவிட்டவர்கள், நள்ளிரவு விமானங்களுக்கு நேரம் குறித்தவர்கள், தலையணைபோல் தடித்த அறிக்கையைப் பங்குபோட்டுப் படித்தவர்கள், மனுக்களை நகலெடுத்தவர்கள், எல்லோருக்கும் நன்றி. பெயர் சொல்லப் போனால் யாராவது விட்டுப்போவார்கள்.

ஒலியளவீடு தெரிந்த அந்தப் பெரியவருக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் வாரத் தாள்களை நீங்கள் சிவப்பு மையால் அடித்துத் திருப்பித் தந்தபோது கசந்தது, ஐயா. அதே தப்புகளை எதிர்த்தரப்பு வல்லுநர் கூட்டத்தில் வைத்து அடித்திருந்தால் மொத்த மனுவும் போயிருக்கும்.

கைபேசிச் செயலி காட்டும் எண் எடுபடாது என்றீர்கள். ஒலி அளக்கும் மீட்டர் சுவரோரம் இருந்தால் எதிரொலியே 3 டெசிபல் வரை ஏற்றிவிடும். சுவரைவிட்டு மூன்றரை மீட்டர் தள்ளி, முக்காலியில் ஒன்றரை மீட்டர் உயரம். மைக்குக்குப் பஞ்சு உறை போடாததால் விமானத்தைவிடக் காற்றே அதிகம் பதிந்திருந்தது. உறை போட்டாலும் காற்று நொடிக்கு 5 மீட்டரைத் தாண்டினால் அந்தப் பதிவு வேண்டாம். கூடவே, மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கும் உங்கள் சொந்தக் காலிப்ரேட்டரையும் கையில் கொடுத்தீர்கள். 94 டெசிபல் ஒலியைத் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் அரை டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் இடையில் எடுத்த எல்லாம் குப்பை. இரண்டு இரவுகளை அப்படித்தான் தூக்கிப் போட்டோம்.

தாளின் ஓரத்தில் நீங்கள் கிறுக்கியிருந்த ஒரு வரிதான் கூட்டத்தில் பேசியது: ‘சராசரியை நம்பாதே, எண்ணு.’ டெசிபல் மடக்கைக் கணக்கு. அதே சத்தமுள்ள விமானங்கள் இரண்டு மடங்கானாலும் சராசரி 3 டெசிபல்தான் கூடும். ‘வெறும் 3 டெசிபல்’ என்று எழுதிவிட்டால் படிப்பவருக்கு ஒன்றும் உறைக்காது. 70 டெசிபலைத் தாண்டியவை எத்தனை என்று தனிப் பத்தி போட்டோம். இரட்டிப்பு அங்கே இரட்டிப்பாகவே நின்றது. முழுநாள் இரைச்சலை ஒரே எண்ணாகச் சொல்லும் பகல்-மாலை-இரவுக் குறியீட்டில் இரவு விமானத்துக்கு 10 டெசிபல் கூட்டுவார்கள். கணக்கில் இரவு விமானம் ஒன்று, பகலில் பறக்கும் பத்துக்குச் சமம். அதனால் ‘இரவில் கொஞ்சம்தான்’ என்ற பேச்சும் எடுபடவில்லை. விமான இரைச்சலுக்கு உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்த வரம்பு அந்தக் குறியீட்டில் 45 டெசிபல், இரவுக்கு மட்டும் 40. இரண்டையும் பக்கத்திலேயே எழுதிவைத்தோம்.

ஒரு குறை பாக்கி. விமானங்கள் எதிர்க்காற்றில்தான் ஏறும், இறங்கும். காற்று திரும்பினால் ஓடுபாதையின் பயன்பாடும் திரும்பி, இன்னொரு பக்கத்துத் தெருக்கள் மாட்டிக்கொள்ளும். எங்களிடம் இருப்பது ஒரு திசைக் கணக்கு மட்டுமே. மறுதிசையையும் அளக்காமல் விடமாட்டோம்.

காலிப்ரேட்டரைத் திருப்பித் தர இன்னும் சில வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள், ஐயா. காற்று மாறக் காத்திருக்கிறோம்.