சேஃப்டி ஷூ விஷயமாக மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

குதிகால் கொப்புளத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். என்ன மருந்து போட வேண்டும் என்று அம்மா போனிலேயே சொல்லிவிட்டாள். படத்துக்குக் கீழே நீ போட்டிருந்த வரிதான் என்னை எழுத வைத்தது. "சைஸ் கொஞ்சம் பெரிசுதான்ப்பா, அவங்ககிட்ட இதுதான் இருந்துச்சாம். வேற வேணும்னா நானே வாங்கிக்கணுமாம்." ஒரே வரியில் இரண்டு தப்பு. ஒன்று ஷூவில் இருக்கிறது, இன்னொன்று காசில் இருக்கிறது.

நான் ஸ்டோரில் உட்கார்ந்து ஆட்களுக்கு ஷூ எடுத்துக் கொடுத்தே ரிட்டயர் ஆனவன். கவுன்ட்டருக்கு உள்ளே இருப்பவன் மனசு எனக்குத் தெரியும். அலமாரியில் எந்த சைஸ் தேங்கி நிற்கிறதோ அதைத் தள்ளிவிடத்தான் பார்ப்பான். கையெழுத்து வாங்கிவிட்டால் அவன் பதிவேடு சரி. அந்தக் கையெழுத்தைப் போடுவதற்கு முன்னால்தான் நீ வாயைத் திறக்க வேண்டும். போட்டுவிட்டாய் என்றாலும் பரவாயில்லை, இப்போதும் கேட்கலாம்.

முதலில் காசைப் பேசிவிடுவோம். வேலை நடக்கிற இடத்தில் ஆபத்து இருக்கிறது, அதனால் இந்த ஷூ போட்டால்தான் உள்ளே விடுவோம் என்று சொல்கிறவர்கள்தான் அதற்குச் செலவு செய்ய வேண்டும். இதில் பெருந்தன்மை ஒன்றும் கிடையாது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு உடன்படிக்கை, 155-ஆம் எண், அதன் 21-ஆவது பிரிவில், பாதுகாப்பு ஏற்பாடுகளால் தொழிலாளிக்கு எந்தச் செலவும் வரக்கூடாது என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறது. பிரிட்டனில் 1974-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆவது பிரிவும், சட்டப்படி தர வேண்டிய பாதுகாப்புச் சாதனத்துக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1989-ஆம் ஆண்டு ஆணையும் முதலாளிதான் இலவசமாகத் தர வேண்டும் என்றே சொல்கிறது. அமெரிக்காவில் ஒரு சந்து விட்டு வைத்திருக்கிறார்கள். 2008-ல் நடைமுறைக்கு வந்த விதி, சாதனங்களுக்கு முதலாளியே பணம் தர வேண்டும் என்று சொல்லிவிட்டு, சாதாரண ஸ்டீல் டோ ஷூவை, அதாவது விரல் பக்கம் இரும்பு மூடி வைத்த ஷூவை, வேலை இடத்துக்கு வெளியிலும் போட்டுக்கொள்ள அனுமதித்தால் அதற்குத் தர வேண்டியதில்லை என்று விலக்குக் கொடுக்கிறது. அந்த நியாயம் எனக்குப் பிடிபடவே இல்லை. ஸ்டீல் டோ மாட்டிக்கொண்டு யார் கல்யாணத்துக்குப் போகிறார்கள்?

நீ வேலை செய்கிற இடத்தின் சட்டம் எது என்று பார். உன் வேலை ஆர்டரில் என்ன எழுதியிருக்கிறது என்றும் படி. உன்னைப் போலக் கட்டுமான சைட் வேலையில் இன்னொரு தொல்லை உண்டு. மெயின் கம்பெனியைக் கேட்டால் கான்ட்ராக்டரைக் காட்டுவார்கள், கான்ட்ராக்டரைக் கேட்டால் மெயின் கம்பெனியைக் காட்டுவார்கள். யார் உனக்குச் சம்பளம் போடுகிறார்களோ அவர்களிடம் முதலில் கேள். இல்லை என்று சொன்னால், இல்லை என்பதை எழுத்தில் தரச் சொல்.

"ஷூதான் கொடுத்துவிட்டோமே" என்று அவர்கள் சொல்லலாம். அதை விட்டுவிடாதே. பொருந்தாத ஷூவைக் கொடுப்பதும் கொடுக்காமல் இருப்பதும் ஒன்றுதான். இதை நான் என் பெண் என்பதற்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் கட்டுமானத் தளங்களுக்கு 2025 ஜனவரி முதல், கொடுக்கிற சாதனம் அதைப் போடுகிற ஆளுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும் என்று விதியிலேயே சேர்த்திருக்கிறார்கள். சராசரி ஆண் அளவுக்குச் செய்ததை எல்லோர் தலையிலும் காலிலும் மாட்டிவிட்டதுதான் அதற்குக் காரணம்.

சில கம்பெனிகள் ஷூவுக்குப் பதிலாக ஒரு தொகையைக் கையில் கொடுத்து, நீயே வாங்கிக்கொள் என்பார்கள். என்னைக் கேட்டால் அதுதான் நல்லது, ஏனென்றால் ஷூவைத் தேர்ந்தெடுப்பது அப்போது உன் கையில் இருக்கும். ஆனால் இடையில் கிழிந்தால் யார் பொறுப்பு, வேலையை விட்டால் சம்பளத்தில் பிடிப்பார்களா என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள். அவர்கள் தருகிற தொகையில் ஒழுங்கான ஷூ கிடைக்காவிட்டால், அந்தத் தொகையை ஏற்றுவது அவர்கள் பாடு. தொகைக்குள் நல்லது கிடைத்தும் உனக்கு இன்னும் உசத்தியானது வேண்டும் என்றால் மட்டும் மிச்சத்தை நீ போடு.

சரி, ஷூவுக்கு வருவோம். கடைக்காரன் முதலில் கேப்பை, அதாவது விரலைக் காக்கிற முன்பக்க மூடியை, தட்டிக் காட்டுவான். நீ ஷூ நாக்கின் உள்பக்கம் இருக்கிற லேபிளைப் பார். ஐஎஸ்ஓ 20345 என்ற பன்னாட்டுத் தர எண் இருந்தால் அது முழு சேஃப்டி ஷூ. விரல் பக்கத்து கேப் 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும், அதாவது இருபது கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அளவு. 20346 என்றால் பாதி அடிதான் தாங்கும். 20347 என்றால் கேப் கட்டாயமே இல்லை. மூன்றும் வெளியே ஒரே மாதிரி இருக்கும். ஒரே ஒரு எண்ணில்தான் வித்தியாசம் ஒளிந்திருக்கும்.

அதற்குப் பக்கத்தில் எஸ்1, எஸ்3 என்று இருக்கும். எஸ்1 காய்ந்த தரைக்கு. அதில் ஆணிக்கு எதிரான தகடு கிடையாது, அது வேண்டும் என்றால் எஸ்1பி. எஸ்2-வின் மேல்தோல் தண்ணீரை ஓரளவு தடுக்கும். அதோடு ஆணி ஏறாத தகடும், பள்ளம் வெட்டிய சோலும் சேர்ந்தால் எஸ்3. கான்கிரீட் ஊற்ற அடிக்கிற ஷட்டரிங் பலகையும் பிடுங்கிப் போட்ட ஆணியும் கிடக்கிற இடத்தில் நிற்கிற உனக்கு எஸ்3-க்குக் குறைந்து எதுவும் வேண்டாம். தகடு இரும்பாக இருந்தால் மெல்லிய ஆணியைக்கூட நன்றாகத் தடுக்கும், ஆனால் விறைப்பாக இருக்கும். துணித் தகடு நன்றாக வளைந்து கொடுக்கும், அடிப்பாதம் முழுவதையும் மூடும், ஆனால் மெல்லிய ஆணிக்குக் கொஞ்சம் இளகும். 2022-ல் வந்த திருத்தத்தில் துணித் தகட்டைப் பெரிய ஆணிக்குச் சோதித்தால் பிஎல், சின்ன ஆணிக்குச் சோதித்தால் பிஎஸ் என்று பிரித்துப் போடுகிறார்கள். உனக்கு பிஎஸ்.

இரும்புக் கேப் மடங்கி விரலையே வெட்டிவிடும் என்று சைட்டில் யாராவது கதை விடுவார்கள். நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். அந்தக் கேப்பையே நசுக்குகிற எடை கேப் இல்லாத விரலை என்ன செய்யும் என்று திருப்பிக் கேள். கேப் இரும்பா, உலோகம் இல்லாத கம்போசிட்டா என்பது உன் விருப்பம், இரண்டுக்கும் ஒரே சோதனைதான். கம்போசிட் எடை குறைவு, வெயிலையும் குளிரையும் இரும்பு போலக் காலுக்குக் கடத்தாது. ஆனால் சுவர் தடிமனாக இருப்பதால் மூக்கு கொஞ்சம் குண்டாக இருக்கும்.

சாயங்காலம் போய் வாங்கு. நாள் முழுக்க நின்ற கால் சற்று வீங்கியிருக்கும், அந்தக் காலுக்குத்தான் ஷூ. சைட்டுக்குப் போடுகிற அதே சாக்ஸோடு போ. வெறும் பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்து அப்படியே ஈரமாக இருக்கும், கொப்புளத்துக்கு அதுவும் ஒரு காரணம், கலவை நூலில் வாங்கிக்கொள். இரண்டு காலையும் அளக்கச் சொல். அநேகம் பேருக்கு ஒரு கால் கொஞ்சம் பெரிதாக இருக்கும், பெரிய காலின் அளவை எடு. லேஸ் கட்டுவதற்கு முன் காலை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். லேஸைக் கட்டிய பிறகு குதிகால் எழும்பக் கூடாது.

அப்புறம் கடையிலேயே குந்தி உட்கார். கூச்சப்படாதே. நீ கம்பி இடைவெளி பார்க்கக் கீழே குந்தும்போது பாதம் முன்னால் மடங்கும். அப்போது கேப்பின் பின்விளிம்பு விரல்களுக்கு மேலே, மடிப்பு விழுகிற இடத்தில் வந்து உட்காரும். நடக்கும்போது இது தெரியவே தெரியாது. குந்தினால் ஒரு கோடு போட்டது போல அழுத்தும். அப்படி அழுத்தினால் அந்த மாடலை வைத்துவிட்டு அடுத்ததைக் கேள். பிறகு படியிலோ சாய்வான பலகையிலோ இறங்கிப் பார், விரல் கேப்பில் இடிக்கக் கூடாது. "போடப் போடப் பழகிடும் மேடம்" என்பார்கள். தோல் பழகும். கேப் எத்தனை வருஷம் போட்டாலும் ஒரு நூல்கூட விரியாது.

பெண்கள் கால் என்பது ஆண்கள் காலின் சின்ன சைஸ் இல்லை. முன்பாதத்தின் அகலத்தோடு வைத்துப் பார்த்தால் குதிகால் ஒடுக்கம். ஆண்கள் அச்சில் செய்த ஷூவில் முன்பக்கம் சரியாக இருக்கும்படி எடுத்தால் பின்னால் தொளதொளவென்று இருக்கும், ஒவ்வொரு அடிக்கும் குதிகால் மேலும் கீழும் உரசும். உன் கொப்புளம் வந்திருக்கிற இடமும் அதுதான். பெண்கள் அச்சில் செய்த சேஃப்டி ஷூ தனியாக வருகிறது, அதைப் பெயர் சொல்லிக் கேள். இரண்டு சாக்ஸ் போட்டுச் சமாளி என்று யாராவது யோசனை சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடு. ஏணியில் ஏறுகிறவள் காலில் ஷூ ஆடக் கூடாது.

மெத்தென்று இருக்கட்டும் என்று வெளியில் வாங்கிய இன்சோலை உள்ளே சொருகாதே. எஸ்1 முதல் எல்லாமே ஆன்ட்டிஸ்டாட்டிக், உடம்பில் சேருகிற நிலைமின்சாரத்தை மெதுவாகத் தரைக்கு இறக்கிவிடும். வேறு இன்சோல் போட்டால் அந்த வழி அடைபடலாம், கேப்புக்கு அடியில் விரலுக்கு இருக்கிற இடமும் குறையும். அந்த மாடலுக்கே சோதித்து விற்கிற இன்சோல் என்றால் போட்டுக்கொள். ஆன்ட்டிஸ்டாட்டிக் என்றால் ஷாக் அடிக்காது என்று எடுத்துக்கொள்ளாதே, அது வேறு, இது வேறு. கரன்ட் வேலைக்கு இன்சுலேட்டிங் ஷூ தனி.

ஷூ எத்தனை நாள் உழைக்கும் என்பதைப் பற்றி ஒன்று சொல்கிறேன், இது ஸ்டோர்காரனுக்குத்தான் தெரியும். லேபிளில் செய்த மாதமும் வருஷமும் போட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்கு. பாலியூரித்தேன் சோல் காற்றில் இருக்கிற ஈரத்தாலேயே உள்ளுக்குள் உடைந்துகொண்டே வரும். பெட்டியில் பல வருஷம் தூங்கிய ஷூவைத் திறந்தால் மேல்தோல் புத்தம் புதிதாகப் பளபளக்கும். கட்டைவிரலால் சோலின் ஓரத்தை அழுத்தினால் பொலபொலவென்று உதிரும். தள்ளுபடி விலைக்குக் குவித்து வைத்திருப்பதில் இந்த ரகம் கலந்திருக்கும். எண்ணெயும் சூடும் அதிகமான இடத்துக்கு நைட்ரைல் ரப்பர் சோல் நல்லது. எச்ஆர்ஓ என்ற எழுத்து இருந்தால் 300 டிகிரி சூட்டை ஒரு நிமிஷம் தொட்டுத் தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள். வெல்ட் என்கிற ஓரப்பட்டியோடு சோலைத் தைத்த ஷூவுக்கு சோல் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், அச்சில் ஊற்றி ஒட்டிய சோல் தேய்ந்தால் பெரும்பாலும் ஷூவே போச்சு.

முடிந்தால் இரண்டு ஜோடி கேள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட. ஒரு ராத்திரியில் உள் ஈரம் முழுக்கக் காயாது. நனைந்தால் பேப்பரைத் திணித்து நிழலில் வை, அடுப்புப் பக்கம் கொண்டு போகாதே, தோல் வெடிக்கும். கேப் மேல் பலமாக ஏதாவது விழுந்தால், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் அந்த ஷூவை மாற்றச் சொல். உள்ளே நெளிந்திருந்தால் உனக்குத் தெரியாது. சோல் தேய்ந்து பள்ளம் மறைந்துவிட்டாலும் அப்படித்தான். வேலையில் தேய்ந்ததற்கு நீ காசு தர வேண்டியதில்லை.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். சேஃப்டி ஆபீசருக்கு மெயில் போடு, உன் மேலாளருக்கும் ஒரு பிரதி அனுப்பு. கொடுத்த ஷூவின் சைஸ், உன் காலின் நீளம், அகலம் எல்லாம் மில்லிமீட்டரில், கொப்புளப் படம், பெண்கள் அச்சில் எஸ்3 வேண்டும் என்ற கோரிக்கை, எந்தத் தேதிக்குள் கிடைக்கும் என்ற கேள்வி, இவ்வளவு போதும். சட்டப் பிரிவை முதல் மெயிலிலேயே போட வேண்டாம், இரண்டாவதுக்கு வைத்துக்கொள். அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு தடவை காட்டு. நீ கோபத்தில் எழுதினால் எப்படி எழுதுவாய் என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்,
அப்பா