எதுவும் மாறாதென்றால் பயணம் எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். காலப்பயணக் கதைகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவரும் தொடரின் சென்ற பகுதியில், இறந்துபோன தாயையோ தந்தையையோ காணக் கடந்த காலத்துக்குச் செல்லும் கதைகளைக் கட்டுரையாளர் இரண்டு காரணங்களால் குறைத்து மதிப்பிட்டிருந்தார். அவை மேற்கிலிருந்து வந்த இரவல் சரக்கு என்பது ஒன்று. போனவரை மீட்க முடியாது என்று முடிகிற கதையில் அந்தப் பயணத்துக்கே பொருளில்லை என்பது மற்றொன்று. இரண்டாவது கருத்துதான் என்னை எழுதத் தூண்டியது என்றாலும், முதலாவதையும் விட்டுவிட மனமில்லை.

அவிநாசியில் ஒரு வீட்டில் உபநயன மங்கல ஒலியும் எதிர்வீட்டில் அழுகை ஒலியும் ஒருசேரக் கேட்ட சுந்தரர், அழுகிற வீட்டுப் பிள்ளையைச் சில ஆண்டுகளுக்கு முன் முதலை விழுங்கியது என்று அறிந்து பதிகம் பாடியதைப் பெரியபுராணம் சொல்கிறது. முதலை பிள்ளையைக் கரையில் உமிழ்ந்தது. ஆனால் விழுங்கப்பட்ட வயதில் அல்ல, இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு. மயிலையில் பாம்பு தீண்டி இறந்த பூம்பாவைக்காகச் சம்பந்தர் பாடிய பதிகமோ, ஓணம், கார்த்திகை விளக்கீடு, திருவாதிரை, தைப்பூசம் என்று அவள் காணத் தவறவிருக்கும் விழாக்களைச் சொல்லிச் சொல்லியே அவளை அழைக்கிறது. பெற்ற மனம் கேட்பது உயிரை மட்டுமல்ல, கண்ணில் படாமல் கழிந்த ஆண்டுகளையும்தான் என்று அறிந்திருந்த ஒரு மரபுக்கு, காலத்தையும் துக்கத்தையும் இணைத்துக் கதை சொல்ல வெளியிலிருந்து யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இனி இரண்டாவது. அமெரிக்க இயற்பியலாளர் ரொனால்டு மாலெட் 1955இல், தமது பத்தாம் வயதில், தந்தையை மாரடைப்பில் இழந்தார். பிறகு எச்.ஜி. வெல்ஸின் கால இயந்திரக் கதையைப் படக்கதையாகப் படித்தவர், தந்தையை மறுபடி காண வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு இயற்பியல் கற்றுக் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அந்த நோக்கத்தைச் சக ஆய்வாளர்களிடம் நெடுங்காலம் மறைத்தும் வைத்திருந்தார். சுழலும் லேசர் ஒளியைக் கொண்டு காலத்தை வளைக்கலாம் என்ற அவருடைய கருத்தை மற்ற இயற்பியலாளர்கள் மறுத்திருக்கிறார்கள். அதைவிட முக்கியமானது, அவர் கணக்குப்படியே அத்தகைய இயந்திரம் முதன்முதலாக இயக்கப்பட்ட நேரத்துக்கு முன்னால் எவரும் செல்ல முடியாது என்பது. நாளையே அது உருவானாலும் 1955 அதற்கு எட்டாது. இதை அறிந்த பின்னரும் அவர் அந்த ஆய்வைக் கைவிடவில்லை. பொருளற்ற பயணம் என்று கட்டுரையாளர் இதையும் சொல்வாரா?

ஜப்பானிய எழுத்தாளர் தோஷிகாசு கவாகுச்சி 2015இல் வெளியிட்ட நாவலில், ஒரு காப்பிக் கடையின் குறிப்பிட்ட நாற்காலியில் அமர்பவர் கடந்த காலத்துக்குப் போகலாம். காப்பி ஆறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். என்ன செய்தாலும் நிகழ்காலம் மாறாது. தன்னை ஊருக்கு அழைத்துப் போக வந்த தங்கையைப் பார்க்காமல் ஒளிந்துகொண்ட அக்காள், திரும்பும் வழியில் விபத்தில் இறந்த அத்தங்கையை அந்த நாற்காலியிலிருந்து சந்திக்கிறாள். தங்கை பிழைப்பதில்லை. அக்காளோ, வெறுத்து விலகிவந்த குடும்ப விடுதியை நடத்த ஊருக்கே திரும்புகிறாள். மாறாத நிகழ்காலத்தில் போய்வந்தவள் மட்டும் மாறியிருக்கிறாள். அதற்கு மேல் ஒரு கதையிடம் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. தமிழில் 2022இல் வந்த 'கணம்' படத்திலும், விபத்தில் தாயை இழந்த மகன் 1998க்குச் செல்கிறான். அவன் தாயின் குரலை மறுபடி கேட்கும் பகுதிகளே என் மனத்தில் நிற்கின்றன. உடன் செல்லும் நண்பர்களின் வேடிக்கையைப் பாதியாகக் குறைத்திருந்தாலும் படம் நின்றிருக்கும்.

மும்பையில் வாழும் தமிழருக்கு இது ஏட்டளவிலான விவாதம் அல்ல. 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டபோது அதை இங்கே பலர் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஆனால் தொலைபேசி எல்லோர் கைக்கும் வருமுன், தாராவிக்கும் மாட்டுங்கா லேபர் கேம்புக்கும் ஊர்ச் சாவுச் செய்தி தந்தியாகத்தான் வந்தது. தந்தி வந்து சேரும்வரை, ஊரில் இறந்துவிட்ட தாய் இங்கே பிள்ளையின் நினைப்பில் உயிரோடு இருந்தாள். பிறகு கிடைத்த ரயிலில் ஏறி, ஒன்றரை நாளுக்கு மேல் பயணம் செய்து திருநெல்வேலிப் பக்கம் போய் இறங்கினால், எல்லாம் முடிந்து பால் தெளித்திருப்பார்கள். என் தகப்பனார் தம் தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை. சாவைத் தடுத்திருக்கலாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை; வாய்க்கரிசி போடக் கொடுத்துவைக்கவில்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொல்வார். அவருக்குக் கால இயந்திரம் ஒன்று கிடைத்திருந்தால், ஒரு வண்டி முன்னதாகப் போய்ச் சேர்வதற்கு மேல் எதையும் கேட்டிருக்கமாட்டார்.

தொடரின் முடிவில் வாசகர்களிடமிருந்து காலப்பயணச் சிறுகதைகளை வரவேற்கப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். இறந்தவரைக் காப்பாற்றக் கூடாது என்ற ஒரே ஒரு விதியை அதற்கு வைத்துப் பாருங்கள். மும்பையிலிருந்தாவது கதைகள் வந்து சேரும்.

இங்ஙனம்,
தங்கள் வாசகி,
சயான், மும்பை.