எல்லா வீக்கமும் கத்தரிக்காயால் வருவதல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் மருத்துவப் பக்கத்தில், உதடும் முகமும் வீங்கினால் அது ஒவ்வாமைதான், கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்தி ஓர் ஊசி போட்டுக்கொண்டால் வடிந்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். என் அண்ணன் கருவாட்டைத் தொட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. வீக்கம்தான் அவரை விடவில்லை.

அறுபது வயதுக்குப் பிறகு வந்தது. ஒரு நாள் உதடு, இன்னொரு நாள் கை. அரிப்பும் இல்லை, தடிப்பும் இல்லை. ஒவ்வாமைக்கான செட்ரிசின் மாத்திரை, ஸ்டீராய்டு ஊசி எல்லாம் கொடுத்தார்கள். இரண்டு மூன்று நாளில் வீக்கம் தானாக வடியும், பெயர் ஊசிக்குப் போகும். குடல் வீங்கி வயிற்று வலியில் துடித்தபோது குடல்வால் என்று அறுவைக்கே ஏற்பாடு செய்துவிட்டார்கள். போதாக்குறைக்கு ரத்த அழுத்தத்துக்கு எனாலாப்ரில். இது ஒவ்வாமையே அல்ல, ஆஞ்சியோஎடிமா என்ற வீக்க நோயில் ஒரு வகை என்பது பின்னால்தான் தெரிந்தது. இந்த நோய்க்காரருக்கு அந்த வகை மாத்திரை எரிகிற நெருப்பில் எண்ணெய்.

சி4 என்ற புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனையைக் கடைசியில் ஓர் இளம் மருத்துவர்தான் எழுதிக்கொடுத்தார். சி4 குறைவு, வீக்கம் வராமல் காக்கும் சி1 இன்ஹிபிட்டர் என்ற புரதம் குறைவு, சி1கியூ என்ற இன்னொரு புரதமும் குறைவு. பரம்பரையாக வரும் வீக்கத்தில் சி1கியூ பெரும்பாலும் குறையாதாம்; ஆகவே இது வேறு ஏதோ நோயால் இடையில் வந்தது என்றார். மேலும் தேடியபோது மண்ணீரலில் லிம்போமா. ரத்தப் புற்றுநோய் உள்ளே இருந்துகொண்டு முகத்தை வீங்க வைத்திருக்கிறது! அந்தப் புற்றுநோய்க்கு ரிடுக்ஸிமாப் என்ற மருந்தை ஏற்றிய பிறகே வீக்கம் அடங்கியது. இது தொண்டையில் வந்தால் மூச்சை அடைத்துவிடும். ஒவ்வாமைக்குப் போடும் ஊசிக்கு மசியாது. 'ஓர் ஊசி' என்று எழுதிய அன்பருக்கு இதைத் தெரிவியுங்கள்.

தங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் சொல்கிறேன். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று நான் எழுதிய கடிதம் தங்கள் கண்ணில் படவில்லை. ஜூன் 12 அன்று மேட்டூரில் மலர் தூவும் படம் மட்டும் வண்ணத்தில் வருகிறது. மருத்துவப் பக்கத்தில் பாதி கருத்தரிப்பு மைய விளம்பரம். மீதிப் பாதியில் திரிபலா. எங்கள் ஊர்க்காரர்கள் எந்த வலிக்கும் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டுதான் மருத்துவரிடம் போகிறார்கள் என்பதாவது தெரியுமா?

அடுத்த ஞாயிறு மூன்று வரி போதும். நாற்பது வயதுக்கு மேல், அரிப்பில்லாத வீக்கம் திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வாமை மருந்துக்கு அடங்காவிட்டால் சி4 பார்க்கச் சொல்லுங்கள். இடம் இல்லையென்றால் ராசிபலனில் என் ராசியை ஒரு வாரம் விட்டுவிடலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை. கன்னி ராசி.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருத்துறைப்பூண்டி