எங்க தோட்டத்து முன்பள்ளி டீச்சர்மாருக்கும் கூட நின்ன எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். நான் இலங்கை மலைநாட்டுல மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிற அம்மா. மூத்த மகன், இளைய மகள் ரெண்டு பேரும் எங்க தோட்டத்து முன்பள்ளியில தான் படிச்சாங்க, மகளும் வாற வருஷம் ஒண்ணாம் வகுப்புக்கு போறா. மனசுல இருக்கிற நன்றியை நாலு பேர் அறிய சொல்லாம இருக்க மனசு கேக்கல, அதான் எழுதுறேன். பேர் போட வேணாம்னு டீச்சர்மார் சொல்லிட்டாங்க, அதனால பெரிய டீச்சர், சின்ன டீச்சர்னே எழுதுறேன், தோட்டத்துல எல்லாரும் அப்படித்தானே கூப்பிடுறோம்.

நாட்டுல பொருளாதார நெருக்கடி வந்த 2022ஆம் வருஷத்தை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. மார்ச் மாசம் 400 கிராம் பால்மா பாக்கெட் 790 ரூபா ஆச்சு, அப்ப எங்க நாள் சம்பளம் 1000 ரூபா, அதுவும் பறிச்ச கொழுந்து கிலோ சரியா வந்து முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழுந்தா தான், இல்லாட்டி அரைப்பேர், பாதிச் சம்பளம் தான். அரிசி ஏறிச்சு, மாவு ஏறிச்சு, காலையில ரொட்டி சுடுற வீட்டுல அந்த ரொட்டியையே பிச்சு பிச்சு பங்கு போட வேண்டி வந்திச்சு. டப்பாவுல போட்டு விட ஒண்ணும் இல்லாத நாள்ல பிள்ளைய முன்பள்ளிக்கு அனுப்பவே மாட்டோம், மத்த பிள்ளைக சாப்பிடும்போது நம்ம பிள்ளை வாயப் பாத்துக்கிட்டு இருக்குமேன்னு. நாங்க இருக்கிற லயத்துல, அதாவது ஒரே வரிசையா கட்டின தோட்டத்து வீடுகள்ல மட்டும் இல்ல, மேல் லயம் கீழ் லயம் எல்லாத்துலயும் இதே நெலம தான், பாதிப் பிள்ளைக வரவே இல்ல.

அப்ப பெரிய டீச்சர் பின்னேரம் வீடு வீடா வந்தாங்க. ஏன் பிள்ளைய அனுப்பலன்னு ஒருத்தர்கிட்டயும் கேக்கல. அந்தக் கேள்விக்கு பதில் சொல்றது எவ்வளவு கூச்சம்னு அவங்களுக்கு தெரியும், அவங்களும் லயத்துல பொறந்து வளந்தவங்க தானே, அவங்க அம்மா இன்னும் மலைக்கு கொழுந்து எடுக்க போறாங்க. நாளையில இருந்து யாரும் சாப்பாடு கட்டி விட வேணாம், பள்ளியில கூட்டாஞ்சோறு ஆக்குறோம், வீட்டுல இருக்கிறதுல ஒரு பிடி குடுங்க, முடியாதவங்க ஒரு துண்டு விறகு குடுத்தா போதும்னாங்க, அவ்வளவு தான். ஒரு பிடி அரிசி, ஒரு கெழங்கு, வீட்டுப் பக்கம் பறிச்ச கீரை, கொஞ்சம் பருப்பு எல்லாம் ஒரே பானையில விழுந்துச்சு. யார் என்ன கொண்டு வந்தாங்கன்னு பிள்ளைகளுக்கு தெரியாது, தெரியிற மாதிரி டீச்சர் விடவும் இல்ல, வாசல்ல மூடி போட்ட ஒரு கூடை இருக்கும், வரும்போதே அதுல போட்டுட்டு போயிடணும். விறகு மட்டும் கொண்டு வந்த வீட்டுப் பிள்ளையும் அதே தட்டு, அதே அளவு.

முன்பள்ளி மாசக் காசையும் இதே மாதிரி தான் வாங்கினாங்க. எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி என்வலப், ஒட்டிக் குடுக்கணும், பேர் எழுதக் கூடாது. உள்ள காசு இருக்கா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் ஒரு பிள்ளை முன்னாலயும் பேச்சு வந்ததில்ல. கான்சர்ட்டுக்கு வாடகை ட்ரெஸ் எடுக்கிறத நிப்பாட்டி பழைய சீலைகளை வெட்டி சின்ன டீச்சரே தச்சு போட்டாங்க. பர்த்டே கேக்கும் வீடு வீடா கெடையாது, மாசத்துக்கு ஒரு நாள் எல்லாருக்கும் சேத்து பயறு அவிச்சு கொண்டாடிட்டாங்க.

மகன் விஷயம் ஒண்ண சொல்லியே ஆகணும். அவனுக்கு கடலை குடுத்தா பாதிய வாயில போட்டுட்டு பாதிய ஷர்ட் பாக்கெட்டுல ஒளிச்சிருக்கான், பாக்கெட் முழுக்க எண்ணெய் கறை. சின்ன டீச்சர் பாத்துட்டு அதட்டவும் இல்ல, எல்லார் முன்னாலயும் கேக்கவும் இல்ல, கை கழுவுற எடத்துல அவன் பக்கத்துல குனிஞ்சு, இத நீ சாப்பிடுடா, தங்கச்சிக்கு நான் வேற தாறேன்னு சொல்லியிருக்காங்க. அன்னைக்கு பின்னேரமே பேப்பர்ல சுத்தின கடலையோட வீட்டுக்கு வந்து மகளோட வளர்ச்சி கார்டை கேட்டு வாங்கிப் பாத்தாங்க. கோடு, நிறை காணாதுன்னு காட்டுற செம்மஞ்சள் பக்கம் எறங்கி கெடந்துச்சு. அவங்க தான் மிட்வைஃப் அம்மாகிட்ட சொன்னது, அரசாங்கம் குடுக்கிற திரிபோஷா சத்துமாவும் ஒழுங்கா கெடைக்காத காலம் அது, ஆனா மிட்வைஃப் அம்மா மாசம் தவறாம நிறுத்துப் பாத்து, என்ன குடுக்கலாம்னு எங்க வீட்டு அடுப்படியில உக்காந்து சொல்லிக் குடுத்தாங்க. இன்னைக்கு மகளோட கோடு பச்சையில இருக்கு.

மிட்வைஃப் அம்மா ஒரு கூட்டத்துல சொன்னது இன்னும் காதுல இருக்கு. 2016ல எடுத்த கணக்குல அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகள்ல வயசுக்கேத்த உயரம் இல்லாதவங்க நாடு முழுக்க 100க்கு 17 பேராம், தோட்டத்துல 100க்கு 32 பேராம். ஏறக்குறைய ரெண்டு மடங்கு! நெருக்கடிக்கு ஆறு வருஷம் முந்தியே அப்படின்னா, பசி ஒண்ணும் 2022ல புதுசா வந்ததில்ல. இத டீச்சர்மார் முன்னமே வெளங்கி வச்சிருந்தாங்க. திங்கக்கெழம காலையில சோந்து போய் வாற பிள்ளைக்கு மொதல்ல கஞ்சி, பெறகு தான் பாட்டு, பெறகு தான் எழுத்து. மழை நாள்ல நனைஞ்சு வாற கால தொடச்சு விட்டு சாக்ஸை அடுப்புப் பக்கம் காயப் போடுவாங்க, செருப்பை எல்லாருமே வாசல்ல கழட்டணும்னு வச்சதால சப்பாத்து இல்லாத பிள்ளை யாருன்னே தெரியாது.

மலைக்கு போற அம்மாமாரோட சின்னப் பிள்ளைகள பாத்துக்கிற பிள்ளைக்காம்பரா அக்காவுக்கும் நன்றி, பானையும் குடுத்து சமைக்க கையும் குடுத்தவங்க. மாசா மாசம் பயறும் கடலையும் குடுத்துட்டு கடன் கொப்பியில எழுதாம விட்ட டவுன் கடை முதலாளிக்கும், கொழும்புல கடைகள்ல நின்னுக்கிட்டு சம்பளத்துல மிச்சம் புடிச்சு அனுப்பின எங்க தோட்டத்து தம்பிமாருக்கும், தண்ணி தூக்கிக் குடுத்த தாத்தாவுக்கும் ரொம்ப ரொம்ப நன்றி.

2025 பட்ஜெட்டுல முன்பள்ளி சாப்பாட்டுக்கு ஒரு பிள்ளைக்கு 60 ரூபாவா இருந்தத 100 ரூபாவா கூட்டினாங்க, நல்ல விஷயம். ஆனா அந்தச் சாப்பாட்ட ஆக்கிப் போட்டு, பிள்ளைய கவனிச்சு, வீடு தேடி வாற டீச்சருக்கு கையில கெடைக்கிறது ஒரு குடும்பம் நடத்த காணாது. இத கையில அதிகாரம் உள்ளவங்க பாக்கணும், நாங்களும் விடாம கேக்கணும்.

வாற வருஷம் பிள்ளைய சேக்கிற அம்மாமாரே, காசு இல்ல, சப்பாத்து இல்லன்னு பிள்ளைய வீட்டுல வச்சுக்காதீங்க, நேரா பெரிய டீச்சர்கிட்ட போய் பேசுங்க. என் மகள் போனாலும் லயம் லயமா முறை வச்சு பள்ளிக்கு விறகு குடுக்கிறத நான் விடப் போறதில்ல. வாற சனிக்கெழம எங்க லயத்து முறை, வேலைக்கு போறவங்க விறகை வாசல்ல கட்டி வச்சிட்டு போங்க, நான் எடுத்துக்கிட்டு போய் போட்டுடுறேன்.